புது பாகம் போட்டும் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கினால்...



இந்தப் பாடம் லொறி ஓட்டுபவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நமது தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் லொறிதான் பல நேரங்களில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறது, தாய்மாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறது, திருவிழாவுக்கும் மரண வீட்டுக்கும் ஆட்களை ஏற்றுகிறது. சாமான் ஏற்றும் வண்டியில் ஆள் ஏற்றுவது நல்லதல்ல. ஆனாலும் அது நடக்கிறது. ஆகவே அந்த லொறியின் பிரேக் பற்றிய விசயம் ஒவ்வொரு லயத்துக்கும் உரிய விசயம்.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் தோட்டத்து லொறியின் பின் சில்லில் பிரேக் ஒயில் ஒழுகியது. டவுன் கராஜ் ஒன்றுக்கு அனுப்பினோம். பின்பக்கத்து இரண்டு வீல் சிலிண்டரும், பிரேக் ஷூவும் புதிதாகப் போட்டார்கள். மாஸ்டர் சிலிண்டருக்கும் புது ரப்பர் செட் போட்டார்கள். சாயங்காலம் லொறி தோட்டத்துக்கு வந்தது. மறுநாள் காலையில் இருபது தாய்மாரும் பிள்ளைகளும் ஊசி போடும் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

சாரதி அண்ணன் ஒபிசுக்கு வந்தார். "ஐயா, பெடல் சரியில்லைங்க. பஞ்சு மாதிரி உள்ளே போகுது. ரெண்டு தரம் மிதிச்சாத்தான் புடிக்குது" என்றார்.

"கராஜில என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"புதுசு போட்டா அப்பிடித்தான், ஓட ஓடச் சரியாயிரும்னாங்க."

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். "அதான் ரெண்டு தரம் மிதிச்சாப் பிடிக்குதே. மெதுவாப் போயிட்டு வாங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. லொறிச் சாவியை எடுத்து என் மேசை மேல் வைத்தார். "சாவி இந்தா இருக்குங்க. தாய்மார ஏத்திக்கிட்டு இந்த லொறிய நான் எறக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் எவ்வளவு பிழை என்பது மறுநாள் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது பாடத்துக்கு வருவோம்.

1. பெடலை மிதித்தால் சில்லு எப்படி நிற்கிறது?

இங்கே நான் சொல்வது ஒயிலால் இயங்கும் பிரேக். தோட்டங்களில் ஓடும் சிறிய, நடுத்தர லொறிகளில் பெரும்பாலும் இதுதான். பெரிய லொறிகளிலும் பஸ்களிலும் உள்ள எயார் பிரேக் வேறு வகை. அதற்கு இந்தப் பாடம் பொருந்தாது.

பெடலுக்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. நாம் மிதிக்கும்போது அதற்குள் இருக்கும் பிஸ்டன் ஒயிலைத் தள்ளுகிறது. ஒயில் குழாய் வழியே போய் ஒவ்வொரு சில்லிலும் உள்ள வீல் சிலிண்டரை விரிக்கிறது. அது ஷூவைத் தள்ளுகிறது. ஷூ, சுற்றுகிற ட்ரம்மில் உரசி சில்லை நிறுத்துகிறது.

மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போகும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்ஸ் நாட்டு அறிஞர் பஸ்கால் கண்டுசொன்ன உண்மை இது. நமது லொறியின் பிரேக் இதை நம்பித்தான் ஓடுகிறது.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இதைக் காட்டலாம். பாணி மருந்து கொடுப்பதற்குத் தருகிற ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்றை எடுங்கள். அதில் தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் செய்து, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளிப் பாருங்கள். அசையாது. கல் மாதிரி நிற்கும். இப்போது பாதித் தண்ணீர், பாதிக் காற்று வைத்துத் தள்ளுங்கள். உள்ளே போகும். கையை எடுத்தால் திரும்பி வரும். தண்ணீர் சுருங்காது, காற்று சுருங்கும். பஞ்சு போல அமுங்கும் பெடலின் இரகசியம் இவ்வளவுதான்.

2. ஒரு தேக்கரண்டி காற்று என்ன செய்யும்?

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. லொறிக்கு லொறி மாறும்.

பெடல் ஒரு நெம்புகோல். காலால் 8 கிலோ அழுத்தினால் அது 5 மடங்காகி 40 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது என்று வைப்போம். பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 10 கிலோ அழுத்தம். வீல் சிலிண்டரின் பரப்பு 8 சதுர சென்ரிமீற்றர் என்றால் ஷூவை 80 கிலோ தள்ளும். காலின் 8 கிலோ சில்லில் 80 கிலோவாகிவிட்டது.

ஆனால் இந்தப் பலம் சும்மா கிடைப்பதில்லை. காலில் 5 சென்ரிமீற்றர் போனால் பிஸ்டன் 1 சென்ரிமீற்றர்தான் நகரும். தள்ளப்படுகிற ஒயில் 4 மில்லி லீற்றர் மட்டுமே.

இப்போது குழாய்க்குள் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லீற்றர் காற்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த 10 கிலோ அழுத்தத்தில் அது அரை மில்லி லீற்றருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். ஆக நாலரை மில்லி லீற்றர் ஒயில் காற்றைச் சுருக்குவதற்கே செலவாகிறது. பெடலில் பார்த்தால் 5 சென்ரிமீற்றருக்கு மேல், இரண்டு அங்குலம், வீணாகப் போகிறது. ஒரு தேக்கரண்டிக் காற்றுக்கே இந்தக் கதி. இரண்டு தேக்கரண்டி இருந்தால் பெடல் பலகையைத் தொட்டுவிடும்.

"ஓட ஓடச் சரியாயிரும்" என்பது இங்கே பொருந்தாத பேச்சு. புது லைனர் ட்ரம்மோடு ஒத்துப்போகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குழாய்க்குள் அடைபட்ட காற்று ஓடுவதால் வெளியே போகாது. அதை நாம்தான் எடுக்க வேண்டும்.

3. பெடலே நோயைச் சொல்லும்

காய்ச்சல்காரனின் நாடியைப் பார்ப்பது போல பெடலைப் பார்க்க வேண்டும். சமதரையில் லொறியை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்துங்கள். பெடலை ஏழெட்டுத் தரம் மிதித்து பூஸ்டரில் உள்ள வெக்யூமைத் தீர்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் உதவுவதால் பெடல் இயல்பாகவே கொஞ்சம் இலேசாக இருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஆகையால் முதற் சோதனை எப்போதும் எஞ்சின் நிற்கும்போதுதான்.

(அ) பெடல் ஸ்பிரிங் போல அமுங்குகிறது. அடுத்தடுத்து மிதித்தால் மேலே வருகிறது, ஆனாலும் அந்த மெதுமை போகவில்லை. இது பெரும்பாலும் எயார்.

(ஆ) முதல் மிதியில் பெடல் தாழப் போகிறது. உடனே இரண்டாம் தரம் மிதித்தால் உயரத்திலேயே கட்டியாக நிற்கிறது. இது பெரும்பாலும் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் உள்ள இடைவெளி கூடிப் போனது. அட்ஜஸ்ட் பண்ண வேண்டும்.

(இ) பெடல் கட்டியாக நிற்கிறது. ஆனால் காலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறது. இது கசிவு. ஒயில் டாங்கியில் அளவு குறைந்தால் வெளியே எங்கோ ஒழுகுகிறது. அளவு குறையாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டி ஒயில் திரும்பி ஓடுகிறது.

(ஈ) காலையில் நன்றாக இருக்கிறது. நீண்ட இறக்கம் இறங்கியபின் மெதுவாகிவிடுகிறது. இது சூட்டினால் வருவது. பழைய ஒயில் கொதித்து ஆவியாகியிருக்கலாம்.

ஒரே லொறியில் இரண்டு கோளாறு சேர்ந்து இருப்பது மிகச் சாதாரணம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் "ஆ, இதுதான்!" என்று விட்டுவிடக் கூடாது.

4. எயார் எடுக்கும் முறை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், மற்றவர் சில்லில். பிரேக் வேலை தெரிந்த பாஸ் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரேக் வேலை, பழகிப் பார்க்கிற வேலையல்ல.

1. ஒயில் டாங்கி மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும். எழுதியிருக்கிற அதே வகையில், சீல் உடைக்காத புது ஒயிலால் டாங்கியை நிரப்புங்கள்.

2. மாஸ்டர் சிலிண்டர் புதிதாகப் போட்டிருந்தால், அல்லது ரப்பர் மாற்றியிருந்தால், முதலில் அதற்குள் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். அதற்குள் காற்றை வைத்துக்கொண்டு சில்லுகளில் எத்தனை தரம் எடுத்தாலும் தீராது. சில லொறிகளில் பூஸ்டரிலும் ஒரு நிப்பிள் இருக்கும். அது இருந்தால் சில்லுகளுக்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

3. பிறகு சில்லுகள். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குவார்கள். நமது நாட்டு லொறியில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பது சாதாரண வரிசை. லொறிப் புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

4. நிப்பிளைச் சுற்றியுள்ள சேற்றைத் துடைத்துவிட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அதில் மாட்டுங்கள். மறு நுனி, கொஞ்சம் பிரேக் ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும்.

5. பெடலில் இருப்பவர் மெதுவாக மிதித்து, அழுத்திப் பிடித்து, "மிதிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று, அரைச் சுற்று திறப்பார். ஒயிலோடு குமிழி வரும். பெடல் கீழே இறங்கும். இறங்கியதும் காலை எடுக்காமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

6. கீழே இருப்பவர் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் காலை எடுக்க வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். எயார் எடுத்தும் சரிவராத லொறிகளில் பல, இந்த இடத்தில்தான் கெட்டுப் போகின்றன.

7. குமிழி வராமல் சுத்தமான ஒயில் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒரு தரம் டாங்கியைப் பார்த்து நிரப்புங்கள். டாங்கி வற்றிவிட்டால் மேலிருந்து புதுக் காற்று ஏறிவிடும். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

8. போத்தலில் சேர்ந்த ஒயிலைத் திரும்ப டாங்கியில் ஊற்றக் கூடாது.

இன்னொரு கவனம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் எயார் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்கக் கூடாது. வழக்கமாக பிஸ்டன் போகாத அடிப்பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ரப்பர் அங்கே உரசினால் கிழிந்துவிடும். எயார் எடுப்பதற்கு முன் நன்றாயிருந்த மாஸ்டர் சிலிண்டர், எடுத்தபின் கெட்டுப் போவதற்குக் காரணம் இதுதான். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதித்தால் இந்தத் தொல்லை வராது.

5. எயார் எடுத்தும் சரிவராவிட்டால்

ஷூ அட்ஜஸ்ட்: புது ஷூ போட்டவுடன் இடைவெளியைச் சரிசெய்யாவிட்டால் பெடல் தாழத்தான் போகும். சில்லை ஜக்கில் உயர்த்தி, அட்ஜஸ்டரைச் சில்லு இறுகும்வரை திருப்பி, பிறகு இலேசாக உரசிக்கொண்டு தடையில்லாமல் சுற்றும்வரை பின்னுக்கு விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது லொறி ஒரு பக்கம் இழுக்கும்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விசயம். பல சிறு லொறிகளில் ஹேண்ட் பிரேக் சில்லுகளில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. பின் சில்லு ஒன்றை மட்டும் தரையிலிருந்து தூக்கியதும் அந்த ஹேண்ட் பிரேக் லொறியைப் பிடித்து வைக்காது. லொறி உருண்டுவிடும். ஆகவே மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைக்காமல் ஜக் அடிக்கவே கூடாது. ஜக்கை மட்டும் நம்பி லொறிக்கடியில் போகவும் கூடாது. உறுதியான தாங்கி வைக்க வேண்டும்.

நிப்பிள் இருக்கும் பக்கம்: முன் சில்லில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் இடது கலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டினால், மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று எப்போதும் மேலேதான் நிற்கும். கீழே திறந்தால் ஒயில்தான் வரும், காற்று வராது. நாள் முழுக்க மிதித்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். நிப்பிள் மேலே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ரப்பர் ஹோஸ்: உதவியாளர் பெடலை அழுத்தும்போது சில்லுக்குப் போகும் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். பலூன் போல ஊதினால் மாற்ற வேண்டும்.

பொருந்தாத லைனர்: ட்ரம் தேய்ந்து அகன்றிருக்க, புது ஷூவின் வளைவு அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஷூ வளைந்து கொடுக்கும். பெடல் ஸ்பிரிங் போல இருக்கும். ட்ரம்மைக் கழற்றிப் பார்த்தால் லைனரில் ஓரிடத்தில் மட்டும் உரசிய அடையாளம் தெரியும்.

மறைந்த கசிவு: டாங்கியில் ஒயில் குறைகிறது, சில்லுகள் எல்லாம் காய்ந்திருக்கின்றன என்றால் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். ஒயில் பின்பக்கமாகக் கசிந்து பூஸ்டருக்குள் போகலாம். பழைய செப்பு வாஷரைத் திரும்பப் போட்ட ஹோஸ் மூட்டுகளையும் பார்க்க வேண்டும்.

6. பிரேக் ஒயில் பற்றிச் சில வார்த்தைகள்

டொட் 3, டொட் 4 ஒயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மலைநாட்டின் மழையும் பனியும் நமக்குத் தெரிந்ததே. புது டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை சூடுவரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 பாகைதான். டொட் 4க்கு 230 பாகையும் 155 பாகையும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஒயில் கொதித்துவிடும். கொதித்த ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். ஆகவே திறந்து வைத்து நாள்பட்ட ஒயிலைப் பாவிக்க வேண்டாம்.

எஞ்சின் ஒயில், ஹைட்ரோலிக் ஒயில், மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். டொட் 5 என்ற சிலிக்கன் வகையை மற்ற ஒயில்களோடு கலக்கவும் கூடாது.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். பிரேக் ஒயில் நஞ்சு. மிச்ச ஒயிலைச் சோடாப் போத்தலில் ஊற்றி இஸ்தோப்பில் வைப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் பானம் என்று குடித்துவிடும். குடித்தால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் பட்டால் கால் மணித்தியாலம் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

கிளீனர் தம்பிமாருக்கு: ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவோ எயார் அடித்துப் பறக்கவிடவோ வேண்டாம். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அது நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நோயைத் தரும். ஈரத் துணியால் துடையுங்கள்.

7. ஆள் ஏற்றுவதற்கு முன்

• எஞ்சின் நின்றிருக்க, பெடல் உயரமாகவும் கட்டியாகவும் நிற்க வேண்டும்.

• ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் இன்னொருவர் டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

• பெடலை அழுத்தியபடி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே போய் நிற்க வேண்டும். அப்படியானால் பூஸ்டர் வேலை செய்கிறது.

• பிறகு வெறும் லொறியைச் சமதரையில் நடை வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடியுங்கள். அடுத்து சிறிய இறக்கத்தில். அதற்குப் பிறகு பாரத்தோடு. எல்லாம் சரி என்றால் மட்டுமே ஆட்கள்.

• மறுநாள் காலையில் டாங்கி அளவையும் பெடலையும் திரும்பப் பாருங்கள்.

இறக்கத்தில் எப்போதும் கியரில் இறங்குங்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை நிறுத்துவதும் உயிரோடு விளையாட்டு. எஞ்சின் நின்றால் பூஸ்டரின் உதவியும் நின்றுவிடும். ஓடும்போது பெடல் உள்ளே போய்விட்டால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கியரைக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்துப் பக்கம் அல்ல, மலைப் பக்கத்து மண்ணில் உரசி நிறுத்துங்கள்.

2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. நமது மலைப் பாதைகள் ஒருவருக்கும் இரண்டாம் தடவை மிதிப்பதற்கு நேரம் தருவதில்லை.

8. அன்று என்ன நடந்தது?

சாவி என் மேசையில் கிடந்தது. இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. காலையில் வேறு வழியில்லாமல் கிளினிக் பயணத்தை நிறுத்தி, பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வயதான பாஸ் ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் பெடலை நாலு தரம் மிதித்துப் பார்த்தார். பிறகு பின் இடது சில்லுக்குக் கீழே குனிந்து டோர்ச் அடித்தார். "இங்க வந்து பாருங்க ஐயா" என்று கூப்பிட்டார். புது நிப்பிள். அதில் ஸ்பெனர் பிடித்த அடையாளமே இல்லை. அந்தச் சில்லில் எயார் எடுக்கவே இல்லை. மிகத் தூரத்தில் இருந்த, முதலாவதாகப் பார்க்க வேண்டிய சில்லு அதுதான். திறந்தபோது குமிழி வந்துகொண்டே இருந்தது. அது முடிந்தும் பெடல் முதல் மிதியில் தாழத்தான் போனது. "ஷூவ அட்ஜஸ்ட் பண்ணாமலே பூட்டியிருக்காங்க" என்றார். அதையும் சரி செய்தார். மத்தியானத்துக்குள் பெடல் கல் மாதிரி நின்றது.

நான் சாரதி அண்ணனிடம் போய், "நேத்துக் கோபப்பட்டதுக்கு மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயாவுக்கு மேசை, எனக்குப் பெடல். காலுக்குத் தெரியிறது மேசைக்குத் தெரியாதுங்க" என்றார்.

கிளினிக் ஒரு நாள் தள்ளிப் போனது. அவ்வளவுதான் நட்டம். மறுநாள் அதே லொறியில் இருபது தாய்மாரும் பிள்ளைகளும் போய்த் திரும்பினார்கள். நானும் அவர்களோடு ஏறிப் போனேன்.

அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிரேக் வேலை செய்து வந்த லொறியை, சாரதி "சரி" என்று கொப்பியில் எழுதிக் கையொப்பம் வைக்கும்வரை எவரும் எடுக்கச் சொல்வதில்லை. அவர் மறுத்தால் அதற்காக அவரை ஏசுவதும் இல்லை. உங்கள் தோட்டத்திலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பார்க்க

1. தண்ணீர் நிரம்பிய சிரிஞ்சும் காற்று கலந்த சிரிஞ்சும் ஏன் வேறு வேறாக நடக்கின்றன?
2. நிப்பிளை மூடுவதற்கு முன் காலை எடுத்தால் என்ன நடக்கும்?
3. பெடல் கட்டியாக நின்று, பிறகு மெதுவாக இறங்குகிறது. டாங்கியில் ஒயில் குறையவில்லை. கோளாறு எங்கே?
4. "ரெண்டு தரம் மிதிச்சாப் பிடிக்குது" என்று சாரதி சொன்னால் நீங்கள் அந்த லொறியில் ஏறுவீர்களா?

முதல் மூன்றுக்கும் விடை மேலே இருக்கிறது. நாலாவது கேள்விக்கு விடை ஒவ்வொரு வீட்டிலும் பேசி முடிவு செய்யப்பட வேண்டும். லொறி வந்து நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. இன்றைக்கே பேசி வையுங்கள்.